கீழ்மலை என்றால் கிழக்கு மலையா, தாழ்ந்த மலையா?

தாண்டிக்குடி காபிக்காடு:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பக்கம் சிறு விவசாயிகள் சிலர் சேர்ந்து காபித்தூளை நாங்களே அரைத்துப் பாக்கெட் போட்டு விற்க முடிவு செய்திருக்கிறோம். வைத்த பெயர் 'கீழ்மலைக் காபி'. டிசைன் செய்பவர் அந்தப் பெயரைப் பார்த்ததும், "கீழ்னு போட்டா மட்டமான சரக்குனு நினைப்பாங்க. 'கிழக்கு மலை'னு மாத்திடுங்க" என்றார். எங்களில் பாதிப் பேர் அதுவும் நியாயம்தான் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. தாத்தா காலத்திலிருந்து வாயில் புழங்கிய பெயரை ஒரு பாக்கெட்டுக்காக மாற்றுவதா?

இந்தப் பக்கம் வராதவர்களுக்காகச் சொல்கிறேன். பழனி மலை, மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீட்டிக்கொண்டு நிற்கும் கிளை. கிழமேலாகச் சுமார் 65 கிலோமீட்டர். கொடைக்கானலுக்கு மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை எல்லாம் மேல்மலை. கிழக்கே பண்ணைக்காடு, தாண்டிக்குடி, மங்களங்கொம்பு, பாச்சலூர், பெரும்பாறை, ஆடலூர், பன்றிமலை எல்லாம் கீழ்மலை. மேல்மலை குளிர் ஊர். பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட். நாங்கள் உயரத்தில் குறைவு. காபி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு.

என் கேள்வி இதுதான். பெயர் வைத்தவர்கள் உயரத்தை நினைத்து வைத்தார்களா, திசையை நினைத்து வைத்தார்களா? 'கிழக்கு' என்ற சொல்லே 'கீழ்' என்பதிலிருந்து வந்தது என்கிறார்களே, அது உண்மையா?

பூம்பாறைப் பூண்டு:

உயரம்தான் அண்ணே, இதில் என்ன சந்தேகம். தாண்டிக்குடிப் பக்கம் வருவதை நாங்கள் 'கீழ்மலைக்கு இறங்குறோம்' என்றுதான் சொல்வோம். ஊரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கிளம்பினால் பெருமாள்மலை தாண்டி இறங்க இறங்கக் கழற்ற வேண்டியிருக்கும். மலைப்பூண்டு எங்கள் மண்ணில் வரும், மிளகு உங்கள் மண்ணில் வரும். இதில் மட்டம் எங்கிருந்து வந்தது?

பழனி தமிழாசிரியர்:

தம்பி பூம்பாறைக்காரர் மேலே இருந்து பார்க்கிறார், அதனால் அவருக்கு அது இறக்கம். பழனி அடிவாரத்தில் நின்று தெற்கே பாருங்கள், இரண்டு மலையும் தலைக்கு மேலேதான் நிற்கும். எங்களுக்குக் கீழ்மலை என்றால் இடதுகைப் பக்கத்து மலை, அதாவது கிழக்குப் பக்கத்து மலை. ஒரே பெயரை ஒருவர் உயரமாகவும் இன்னொருவர் திசையாகவும் எடுத்துக்கொள்கிறோம், இரண்டு பேருக்கும் அது சரியாகவே பொருந்துகிறது. இது தற்செயல் இல்லை. 'கிழக்கு' என்ற சொல் பிறந்த விதமே இதுதான்.

சொல்லின் பழைய பொருளைப் பார்க்கத் திருக்குறள் 488 போதும். "செறுநரைக் காணின் சுமக்க இறுவரை காணின் கிழக்காம் தலை." பகைவனைக் கண்டால் இப்போதைக்குப் பணிந்து போ, அவனுக்கு முடிவுகாலம் வரும்போது அவன் தலை 'கிழக்காம்'. தலை கிழக்குத் திசையில் போய் விழும் என்று யாரும் உரை எழுதவில்லை. தலைகீழாகும் என்பதுதான் பொருள். தொல்காப்பிய உவமவியலிலும் 'கிழக்கிடு பொருள்' என்று வருகிறது. தாழ்த்திச் சொல்லும் பொருள் என்பது அதன் கருத்து. 'கிழக்கு' என்ற முழுச்சொல்லுக்கே, ஒரு காலத்தில், 'கீழே' என்றுதான் பொருள் இருந்திருக்கிறது.

அப்படியானால் அன்றைக்குத் திசைக்கு என்ன சொன்னார்கள்? குணக்கு. மேற்குக்குக் குடக்கு. புறநானூற்று 6ஆம் பாட்டைப் பாருங்கள். காரிகிழார், பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதிக்கு எல்லை சொல்லி வாழ்த்துகிறார். வடக்கே பனிமலை, தெற்கே குமரி, அப்புறம் "குணாஅது கரைபொரு தொடுகடற் குணக்கும்", "குடாஅது தொன்றுமுதிர் பௌவத்தின் குடக்கும்". நான்கு திசையோடு அவர் நிறுத்தவில்லை. 'கீழது' என்று தொடங்கி நிலத்துக்கு அடியில் இருக்கும் நீரையும், 'மேலது' என்று தொடங்கி வானுலகத்தையும் சொல்கிறார். நான்கு திசைக்கு நான்கு சொல், அடிக்கும் உச்சிக்கும் தனியாக இரண்டு சொல். அந்தப் பாட்டில் கீழ் என்றால் பூமிக்கு அடிதான், கிழக்கு இல்லை.

சிலப்பதிகாரப் பதிகம் தொடங்குவதே இந்த இரண்டு சொல்லோடுதான். "குணவாயில் கோட்டத்து அரசு துறந்திருந்த குடக்கோச் சேரல் இளங்கோவடிகட்கு." கிழக்கு வாயில், மேற்கின் அரசன். இரண்டு அடியில் இரண்டு திசையும் வந்துவிடுகின்றன. இத்தனை வருஷம் வகுப்பில் நடத்தியும் எனக்கு அலுக்காத அடிகள் இவை.

மொழியியல் மாணவி:

ஐயா சொன்ன குறளைப் படித்ததும் மெய்சிலிர்த்துவிட்டது. குணக்கு எப்போது பின்வாங்கியது, கீழ் எப்போது திசையாக முன்னுக்கு வந்தது?

பழனி தமிழாசிரியர்:

ஒரே நாளில் மாறவில்லை அம்மா. ரொம்ப காலம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன. ஆழ்வார்களையே எடுத்துக்கொள். தொண்டரடிப்பொடியாழ்வார் திருப்பள்ளியெழுச்சியில் "கதிரவன் குணதிசைச் சிகரம் வந்து அணைந்தான்" என்கிறார். திருமாலையில் பெருமாள் பள்ளிகொண்டதைச் சொல்லும்போது "குடதிசை முடியை வைத்துக் குணதிசை பாதம் நீட்டி" என்கிறார். ஆண்டாள் திருப்பாவையில் அதே விடியலைச் சொல்கிறாள், ஆனால் "கீழ்வானம் வெள்ளென்று எருமை சிறுவீடு மேய்வான் பரந்தன காண்" என்கிறாள். குணம் இல்லை, கீழ். அந்தச் சொல்லை நிதானமாகப் பார். கீழ்வானம் என்றால் கிழக்கு வானம். வானத்தின் கீழ்ப்பகுதி, மலையையோ மரத்தையோ தொட்டு நிற்கும் அந்த விளிம்பு என்றும் எடுக்கலாம். வெளுப்பது முதலில் அங்கேதான். எருமை பனிப்புல்லுக்குப் புறப்படும் நேரத்தில் எழுந்து பார்த்தவர்களுக்கு இது விளக்கம் இல்லாமலே புரியும்.

மாணிக்கவாசகர் மூன்றாவதாக ஒன்று சொல்கிறார். "அருணன் இந்திரன் திசை அணுகினன்." கிழக்குக்கு அதிபதி இந்திரன், அதனால் அது இந்திரன் திசை.

கோத்தகிரி ஹட்டி:

நீலகிரியிலிருந்து ஒரு சேதி. உங்கள் பழனி மலையில் கிழக்கும் கீழும் ஒத்துப்போகின்றன. எங்கள் மலையில் அது சில இடத்தில் நேர் எதிராக இருக்கிறது. ஊட்டியில் நின்று கிழக்கே பார்த்தால் தெரிவது தொட்டபெட்டா, 2,637 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர்தான். அதாவது எங்கள் கிழக்கு எங்களுக்கு மேலே. ஊட்டியில் பொழுது விடிவது ஆழ்வார் பாடிய 'குணதிசைச் சிகரம்' போலத்தான். மேற்கே போனால் நடுவட்டம் தாண்டிக் கூடலூருக்கு ஒரே இறக்கம். தமிழ்நாட்டுச் சரிவை வைத்துப் பிறந்த சொல்லைக் கொண்டு எங்கள் மலையில் வழி சொன்னால் புதிதாக வருகிறவர் தடுமாறத்தான் செய்வார். அதனால் எங்களில் பெரியவர்கள் திசை சொல்லி வழி காட்ட மாட்டார்கள், மலைப் பெயரும் ஹட்டிப் பெயரும் (ஹட்டி என்றால் எங்கள் ஊர்) சொல்லித்தான் காட்டுவார்கள்.

இன்னொன்று. படகர் என்ற எங்கள் இனப்பெயரே திசைப்பெயர்தான். வடக்கிலிருந்து, மைசூர்ப் பக்கத்திலிருந்து, வந்தவர்கள் என்பதால் வடகர், அதுவே படகர். எங்கள் மொழிக்கு நெருங்கிய உறவான கன்னடத்தில் கிழக்குக்கு மூடண, மேற்குக்குப் படுவண. மூடு என்றால் உதிப்பது, படு என்றால் சாய்வது. நிலத்தைப் பார்க்காமல் சூரியனைப் பார்த்து வைத்த பெயர்கள். நீலகிரிப் பழங்குடிகளான தொதவர்களுக்கும் மேற்கு முக்கியம். இறந்தவர்கள் போய்ச் சேரும் அம்நோர் என்ற உலகம் மேற்கே இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906-இல் வெளியிட்ட புத்தகத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

நாடுகாணி:

கூடலூர் பக்கம் பிறந்து வளர்ந்தவள் நான். வீட்டில் மலையாளம், பள்ளியில் தமிழ். மலையாளத்திலும் கிழக்கு என்றால் கிழக்குதான். ஆனால் கேரளத்தில் கிழக்கே இருப்பது மலை, மேற்கே இருப்பது கடல். நிலம்பூரிலிருந்து கிழக்கு நோக்கி எங்கள் ஊருக்கு வர, மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏற வேண்டும். 'கீழ்' என்று பெயர் வைத்த திசைக்கு ஏறித்தான் போகிறோம். குட்டநாட்டில் மழைக்காலத்தில் மலையிலிருந்து வந்து வயலை மூழ்கடிக்கும் வெள்ளத்தைக் 'கிழக்கன் வெள்ளம்' என்பார்கள். மேலிருந்து வருவது கிழக்கன்! மேற்குக்கு மட்டும் மலையாளத்தில் பொதுவாக 'மேல்' சொல்வதில்லை. படிஞ்ஞாறு. படுஞாயிறு, ஞாயிறு படும் திசை. ஏன் ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை மாற்றினார்கள் என்று ரொம்ப நாளாக எனக்கு யோசனை.

மொழியியல் மாணவி:

அக்கா, இந்தக் கேள்வியைக் கால்டுவெல் எழுப்பியிருக்கிறார். 1856-இல் வந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இருக்கிறது. தமிழ் நிலம் மேற்கு மலையிலிருந்து கிழக்குக் கடலை நோக்கிச் சரிகிறது. அதனால் கீழ்ப்பக்கம் கிழக்கு, மேல்பக்கம் மேற்கு. மலைக்கு அந்தப் புறம் போனால் சரிவு தலைகீழ், ஆனால் அங்கேயும் கிழக்கு என்றே சொல்கிறார்கள். அப்படியானால் அந்தச் சொல்லைப் பேசியவர்கள் மலைக்கு இந்தப் புறத்திலிருந்து போனவர்களாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். ஒரு திசைப்பெயரை வைத்து ஒரு மக்கள் கூட்டத்தின் பழைய நடமாட்டத்தை ஊகிப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

இந்த இழையில் அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். கால்டுவெல் 1841-இல் சென்னையிலிருந்து நடந்தே திருநெல்வேலிச் சீமைக்குப் போனவர், வழியில் நீலகிரியிலும் தங்கியவர். கடைசிக் காலத்தைக் கொடைக்கானலில் கழித்து, 1891-இல் அங்கேயே இறந்தார். உடலை இடையன்குடிக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். மேல்மலை, கீழ்மலை என்ற பேச்சு அவர் காதில் விழாமலா இருந்திருக்கும்?

கேள்விக்குறி:

கால்டுவெல் சொன்னதை அப்படியே விழுங்க நான் தயாரில்லை. சரிவுதான் காரணம் என்றால், ஆந்திரத்திலும் நிலம் கிழக்கேதான் சரிகிறது. கிருஷ்ணாவும் கோதாவரியும் கிழக்கேதான் போகின்றன. ஆனால் தெலுங்கில் தூர்ப்பு, படமர. கீழும் இல்லை, மேலும் இல்லை. காவிரி கர்நாடகத்திலும் கிழக்குப் பார்த்துத்தான் ஓடுகிறது, அங்கே மூடண, படுவண. ஒரே சரிவில் இருக்கும் மூன்று மொழியில் ஒன்று மட்டும் ஏன் சரிவைப் பிடித்துக்கொண்டது?

கேரளத்துக்கு ஆட்கள் மலை தாண்டிப் போனதற்கும் இது ஆதாரம் ஆகாது. ஒரு சொல் திசைப்பெயராக இறுகிவிட்டால் அப்புறம் யாரும் அதன் வேரை நினைத்துப் பேசுவதில்லை. கீழ் என்றால் கிழக்கு என்று வழக்கம் ஏற்பட்ட பிறகு மலைக்கு இரண்டு புறமும் அது பரவியிருக்கலாம். ஆள் நடக்காமலே சொல் நடக்கும்.

மொழியியல் மாணவி:

இரண்டாவது வாதத்தை ஏற்கிறேன். ஆள் நடமாட்டத்தை நிரூபிக்க ஒரு சொல் போதாது. முதல் வாதத்தை ஏற்க முடியாது. சரிவு இருந்தால் எல்லாரும் சரிவை வைத்தே பெயர் வைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, வைக்க வழி இருக்கிறது என்றுதான் அர்த்தம். தமிழில் கீழ் மட்டும் திசையாகியிருந்தால் சூரியன் அடிவானத்தில் எழுவதால் என்று சொல்லிவிடலாம். ஆனால் மேற்கு 'மேல்' என்பதை அது விளக்காது, சூரியன் மேற்கிலும் கீழேதான் இறங்குகிறது. இரண்டையும் சேர்த்து விளக்குவது நிலம் ஒன்றுதான்.

தாண்டிக்குடி காபிக்காடு:

விவசாயி என்ற முறையில் குறுக்கே ஒரு வார்த்தை. தண்ணீரை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். பாலாறு, தென்பெண்ணை, காவிரி, வைகை, தாமிரபரணி எல்லாம் மேற்கிலிருந்து வருகின்றன. பாய்ச்சல் நிலத்தில் மேல்மடைக்காரன் முதலில் தண்ணீர் பார்ப்பான், கடைமடைக்காரன் கடைசியில் பார்ப்பான். மேலே யார் இருக்கிறார், கீழே யார் இருக்கிறார் என்பதுதான் அங்கே பெரிய விவகாரம். தினமும் வாயில் வரும் மேலும் கீழும் திசைப்பெயராக மாறியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. எங்கள் மலையின் தண்ணீரும் அப்படித்தான். வடபுறம் விழும் மழை சண்முகநதி வழியாக அமராவதிக்கும், தென்புறம் விழுவது மருதாநதி, மஞ்சளாறு வழியாக வைகைக்கும் போய்க் கடைசியில் எல்லாம் கிழக்கே திரும்பிவிடுகிறது.

கேள்விக்குறி:

மடை விஷயம் யோசிக்க வைக்கிறது. ஆந்திரத்துக் கால்வாய்களிலும் மேல்மடை, கீழ்மடை இருக்குமே என்ற கேள்வி எனக்கு இன்னும் நிற்கிறது.

வத்தலக்குண்டு பத்திர எழுத்தர்:

இத்தனை பேர் இலக்கியம் பேசினீர்கள். நான் என் மேசையில் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். பத்திரத்தில் மனையின் நீள அகலம் எழுதும்போது 'கிழமேல் ஜாதியடி இவ்வளவு, தென்வடல் ஜாதியடி இவ்வளவு' என்று எழுதுவோம். ஜாதியடி என்பது அடிக்கணக்கு. கிழமேல் என்றால் கிழக்கு மேற்கு. எழுதுகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் அதில் 'தாழ்வு உயர்வு' என்ற நினைப்பே வராது. அப்புறம் நான்கு மால், அதாவது நான்கு பக்கத்து எல்லை. 'இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, பொதுப்பாதைக்கு மேற்கு, ஓடைக்குத் தெற்கு, இன்னார் காட்டுக்கு வடக்கு, இந்த நான்கு மாலுக்கு உட்பட்டது'. சோழர் காலச் செப்பேட்டிலும் கல்வெட்டிலும் தானநிலத்துக்கு எல்லை சொல்லும்போது 'கீழ்பாற்கெல்லை', 'மேல்பாற்கெல்லை', 'தென்பாற்கெல்லை', 'வடபாற்கெல்லை' என்றுதான் வெட்டியிருக்கிறார்கள். குணக்கும் குடக்கும் பாட்டில் தங்கிவிட்டன. நிலத்தை அளந்தவன் கையில் கீழும் மேலுமே நின்றன. மதுரை கீழ மாசி வீதியில் போய், இது தாழ்ந்த வீதியா என்று யாராவது கேட்பார்களா?

சிக்கல் மலைக்காட்டில்தான். படிப்படியாக வெட்டிய காட்டை அண்ணன் தம்பி பிரித்துக்கொள்ளும்போது 'கீழ்க்காடு உனக்கு, மேல்காடு எனக்கு' என்று வாய்ப்பேச்சில் முடித்துவிடுவார்கள். சரிவு வடக்குப் பார்த்து இருந்தால் கீழ்க்காடு என்பது பள்ளத்தில் இருக்கும் வடக்குத் துண்டா, இல்லை கிழக்குத் துண்டா? ஒரு குடும்பத்தில் இதை வைத்தே வருஷக்கணக்கில் வழக்கு நடந்ததை எனக்குத் தெரியும். பள்ளத்தில் இருந்த துண்டில்தான் ஊற்று இருந்தது, அதனால் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அதன் பிறகு மலைக்காட்டுப் பத்திரம் எதிலும் நான் 'கீழ்க்காடு' என்று மட்டும் எழுதுவதில்லை. புல எண், உட்பிரிவு, நான்கு மால், அதோடு 'ஊற்று உள்ள பள்ளத்துத் துண்டு' என்று பச்சையாக எழுதிவிடுவேன்.

பூம்பாறைப் பூண்டு:

எங்கள் ஊரிலும் இந்தத் தகராறு உண்டு. 'கீழக்காடு' என்றால் கிழக்கு, 'கீழ்க்காடு' என்றால் பள்ளம் என்று சிலர் பிரித்துச் சொல்வார்கள். ஆத்திரத்தில் பேசும்போது அந்தப் பிரிவு நிற்காது.

துபாய் பண்ணைக்காடு:

நான் பண்ணைக்காட்டுக்காரன், பல வருஷமாக துபாயில் வேலை. ஊருக்குப் பேசும்போதும், செய்தி படிக்கும்போதும் 'மத்திய கிழக்கில் இருக்கிறேன்' என்றுதான் சொல்கிறோம். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பண்ணைக்காட்டிலிருந்து துபாய் வடமேற்கே இருக்கிறது. ஊரில் சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் என் கடிகாரத்தில் அந்த நேரமே வருகிறது. நமக்கு மேற்கே இருக்கும் நாட்டை நாமே ஏன் கிழக்கு என்கிறோம்? எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மொழியியல் மாணவி:

அது லண்டனில் நின்று பார்த்தவர்களின் கிழக்கு, அண்ணா. துருக்கிப் பக்கம் அருகிலுள்ள கிழக்கு, சீனாவும் ஜப்பானும் தூரக் கிழக்கு, நடுவில் இருந்ததற்கு மத்திய கிழக்கு. அந்தப் பெயரைப் பரவலாக்கியவர் அமெரிக்கக் கடற்படை அதிகாரி மஹான், 1902-இல் எழுதிய ஒரு கட்டுரையில். பிரிட்டனுக்கு இந்தியாவுக்குப் போகும் கடல்வழியைக் காக்க வேண்டும் என்ற கவலையில் பிறந்த பெயர். 1600-இல் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனியின் 'கிழக்கு' கூட அப்படித்தான். நம் ஊரில் யாரும் நம்மைக் கிழக்கு இந்தியர் என்று சொல்லிக்கொண்டதில்லை. இப்போது தமிழில் மேற்காசியா என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாப் பத்திரிகையும் அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஐரோப்பியர்களின் 'ஓரியண்ட்' என்ற சொல்லுக்கு லத்தீனில் 'எழுகிறது' என்று பொருள், எழும் சூரியன். கன்னடத்து மூடணவும் அதே வழி. கடலோரச் சிரியா, லெபனான் பகுதிக்கு அவர்கள் வைத்த 'லெவான்ட்' என்ற பெயரும் எழுதல்தான், பிரெஞ்சிலிருந்து. வடமொழியில் வேறு வழி. பூர்வம் என்றால் முன்பக்கம். கிழக்கைப் பார்த்து நின்றால் முன்னால் இருப்பது பூர்வம், வலதுகைப் பக்கம் தட்சிணம், முதுகுப்பக்கம் பச்சிமம். தட்சிணத்திலிருந்துதான் தக்காணம். முன்பக்கம் என்பதால் முந்திய காலமும் பூர்வம், அதனால்தான் நாம் பூர்வீகம் என்கிறோம். உலகத்தில் பலர் சூரியனையோ தங்கள் முகத்தையோ வைத்துக் கிழக்கைக் கண்டார்கள். தமிழர்கள் காலுக்குக் கீழே இருந்த மண்ணை வைத்துக் கண்டார்கள்.

அந்த 'ஓரியண்ட்' தமிழுக்கு வந்தபோது 'கீழ்த்திசை', 'கீழைத்தேயம்' என்று மொழிபெயர்த்தார்கள். சென்னையில் 1869-இல் தொடங்கிய அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் அந்த வழியில் வந்த பெயர். கீழைத்தேயம் என்று முதன்முதலில் படித்தபோது எனக்கு அதில் ஒரு தாழ்வு ஒலித்தது. எட்வர்ட் சையித் 1978-இல் எழுதிய 'ஓரியண்டலிசம்' புத்தகத்தை விவாதிக்கும் தமிழ்க் கட்டுரைகளில் இந்தச் சொல் வரும்போதெல்லாம், ஐரோப்பா நம்மைக் கீழாகப் பார்த்தது என்ற பொருளும் கூடவே ஒட்டிக்கொள்கிறது. டிசைன் செய்பவரின் பயமும் இதுதான் என்று நினைக்கிறேன்.

பழனி தமிழாசிரியர்:

நல்லது சொன்னாய் அம்மா. பூர்வம் பற்றி ஒரு சின்ன ஒட்டு. வைணவ உரைகளில் 'கீழ்ப்பாட்டில்' என்றால் முந்தின பாட்டில் என்று பொருள். பூர்வம் கிழக்கும் முன்னதும் ஆனதுபோல், கீழும் கிழக்கும் முன்னதும் ஆகியிருக்கிறது.

கிழக்கு என்றதும் தாழ்வு தோன்றுவது பழக்கத்தால் வந்தது. பழந்தமிழருக்குக் கிழக்கு, பொருள் வந்து இறங்கும் திசை. பட்டினப்பாலையில் "குடமலைப் பிறந்த ஆரமும் அகிலும், தென்கடல் முத்தும், குணகடல் துகிரும்" என்று வருகிறது. துகிர் என்றால் பவளம். சிலம்பில் "குணதிசை மருங்கின் காரகில்". கடல் தாண்டி வந்த கருத்த அகில் கட்டையைக் குணதிசையின் பெயரால் சொல்கிறார்கள். குடமலை என்பது நம் மேற்கு மலைதான்.

மேற்கு பற்றியும் ஒன்று. காற்றுக்கு நாலு பெயர் உண்டு. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை, மேற்கிலிருந்து வருவது கோடை. புறநானூற்று 205ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் பாடும் கடிய நெடுவேட்டுவன் கோடைமலைத் தலைவன். அந்தக் கோடைமலை நம் கொடைக்கானல் மலைதான் என்று அறிஞர்கள் சொல்வார்கள். ஆடியில் மன்னவனூர்ப் பக்கம் அடிக்கும் மேல்காற்றில் நின்று பார்த்தவர்கள் அந்தப் பெயரைக் கேள்வி கேட்க மாட்டார்கள். ஐப்பசியில் உங்கள் காபிக்காட்டுக்கு மழை கொண்டுவருவது கொண்டல்.

நாடுகாணி:

ஐயா சொன்ன பழக்கம் சும்மா வந்ததில்லை. கீழ்ச்சாதி, மேல்சாதி என்று நூற்றாண்டுக் கணக்காகச் சொல்லிச் சொல்லித்தான் 'கீழ்' என்ற சொல்லே காயம்பட்டுக் கிடக்கிறது. கீழத்தெரு என்றதும் யார் குடியிருக்கிறார்கள் என்று கணக்குப் போடும் ஆட்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். பெயரை மாற்றிவிட்டால் அந்தக் கணக்கு மாறிவிடாது. தாண்டிக்குடி அண்ணா, உங்கள் ஊர்க்காரர்களே பெருமையாகச் சொல்லும் பெயரை வெளியாளின் கூச்சத்துக்காக விடாதீர்கள்.

துபாய் பண்ணைக்காடு:

நானும் அதே கட்சி. இங்கே ஊர்ப் பிள்ளைகள் ஒருவரையொருவர் 'கீழ்மலையா?' என்றுதான் கேட்டுக்கொள்வோம். 'கிழக்கு மலையா?' என்று கேட்டால் யாருக்கும் புரியாது. பாக்கெட் வந்தால் இங்கே நூறு பாக்கெட் எடுக்க ஆள் இருக்கிறது.

தாண்டிக்குடி காபிக்காடு:

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. நேற்று இரவு கூட்டத்தில் இந்த இழையை அப்படியே வாசித்துக் காட்டினேன். குறளும், கிழமேல் ஜாதியடியும் எங்கள் ஆட்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டன. பெயர் 'கீழ்மலைக் காபி'தான். பின்பக்கம் சின்ன வரைபடம் போடுகிறோம்: பழனி மலையின் கிழக்குப் பகுதி, ஊர்ப் பெயர்கள், காடு இருக்கும் உயரம் அடியில். உயரமும் திசையும் இரண்டும் தெரியும். குறளைப் போடலாமா என்று ஒருவர் கேட்டார், காபிப் பாக்கெட்டில் பகைவன் தலை வேண்டாம் என்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள்.

எழுத்தர் ஐயாவிடம் ஒரு கேள்வி. கூட்டாகச் சேர்ந்து தூள் அரைக்க ஓர் இடம் பார்த்திருக்கிறோம். மூலப்பத்திரத்தில் 'ஓடைக்குக் கீழ்புறம்' என்று மட்டும் இருக்கிறது. ஓடை தெற்கிலிருந்து வடக்கே இறங்குகிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

வத்தலக்குண்டு பத்திர எழுத்தர்:

பழைய பத்திரத்தில் 'கீழ்புறம்' என்றால் பெரும்பாலும் கிழக்குப் புறம். ஓடை தென்வடலாகப் போவதால் கிழக்குப் புறம் என்பதும் பொருத்தமாக இருக்கிறது. ஆனாலும் அதை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். புல எண்ணைக் கொண்டுபோய்ப் புலப்படத்தோடு ஒத்துப் பாருங்கள், சர்வேயரை வைத்து அளந்து கல் ஊன்றுங்கள், வில்லங்கச் சான்றும் எடுங்கள். புதுப் பத்திரம் எழுதும்போது 'ஓடைக்குக் கிழக்கு' என்று எழுதச் சொல்லுங்கள், 'கீழ்புறம்' வேண்டாம். மூலப்பத்திர நகலை எடுத்துக்கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.